மோட்டாரைக் கழற்றும் முன்: செங்குத்து அச்சைத் தாங்குவது எது?

இயந்திரத்தில் மேலும் கீழுமாக ஓடும் ஒரு பாகத்தில், அதாவது செங்குத்து அச்சில், கை வைக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: மின்சாரம் போனால் இந்தச் சுமையைப் பிடித்து நிறுத்துவது எது? சுழற்சியை நேர்கோட்டு இயக்கமாக மாற்றும் ஸ்குரூக்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மரை போட்ட ஒரு தண்டு, அதன்மேல் ஒரு நட், முனையில் ஒரு மோட்டார். ஆனால் சில ஸ்குரூக்கள் மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. வேறு சில, பிடி விட்ட நொடியே பின்னோக்கிச் சுழன்று சுமையைக் கீழே விட்டுவிடும்.

எது எப்படி நடக்கும் என்பதை மரையின் ஏற்றக் கோணம், அதாவது அதன் சரிவு, தீர்மானிக்கிறது. சாதாரண லீட் ஸ்குரூவில் நட் மரையின்மேல் உரசிக்கொண்டே நகர்கிறது. உராய்வு வழுக்காமல் பிடித்து வைக்கும் அதிகபட்சச் சரிவுதான் உராய்வுக் கோணம். ஏற்றக் கோணம் அதைவிடக் குறைவாக இருந்தால் சுமை தானாக இறங்காது. 20 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. பிட்சும் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) கொண்ட ட்ரெபிசாய்டல் (சரிவக வடிவ மரை) ஸ்குரூவில் ஏற்றக் கோணம் சுமார் 4 டிகிரி. எண்ணெய் போட்ட எஃகு ஸ்குரூ, வெண்கல நட்டுக்கு உராய்வுக் குணகம் 0.1 என்று கொண்டால் உராய்வுக் கோணம் ஏறத்தாழ 6 டிகிரி. ஆக, நம்மைக் காப்பது வெறும் 2 டிகிரி. இயந்திரம் அதிர்ந்தாலோ, மரை தேய்ந்து வழவழப்பானாலோ, வழுக்கும் பூச்சுள்ள நட்டை மாற்றிப் போட்டாலோ அதுவும் கரைந்துவிடும். முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் பரவலாக உள்ள 8 மி.மீ. விட்டம், 8 மி.மீ. லீட் (ஒரு சுற்றில் நட் நகரும் தூரம்), நான்கு ஸ்டார்ட் (இணையாக ஓடும் நான்கு மரைகள்) கொண்ட ஸ்குரூவில் ஏற்றக் கோணம் 20 டிகிரி. மோட்டாரை அணைத்ததும் அச்சுத் தலை மெல்ல இறங்குவதற்குக் காரணம் இதுதான், அது பழுதல்ல.

சுமை அழுத்தினாலும் பின்னோக்கிச் சுழலாத, அதாவது தானே பூட்டிக்கொள்ளும் ஸ்குரூவின் திறன் (கொடுத்த ஆற்றலில் பயனாகும் பங்கு) 50 சதவீதத்தைத் தாண்டாது. மேலே சொன்ன 20 மி.மீ. ஸ்குரூவுக்கு 40 சதவீதம்தான் கிடைக்கும். நட்டுக்கும் மரைக்கும் நடுவே குண்டுகள் ஓடும் பால் ஸ்குரூவிலோ உரசல் இல்லை, உருளல் மட்டுமே. திறன் சுமார் 90 சதவீதம். அதனால் அது எந்த நிலையிலும் தன்னைப் பூட்டிக்கொள்ளாது. 5 மி.மீ. லீட் உள்ள பால் ஸ்குரூவில் ஏறத்தாழ 100 கிலோ எடை தொங்கினால், தண்டைப் பின்னோக்கிச் சுழற்றும் முறுக்குவிசை சுமார் 0.7 நியூட்டன் மீட்டர். பார்க்கச் சின்ன எண். சீல், பேரிங் ஆகியவற்றின் உராய்வே சில நேரம் அதைத் தடுத்து நிறுத்திவிடும். இதுதான் ஏமாற்று வேலை. நின்றுகொண்டிருக்கிறதே என்று நம்பி அடியில் கை விடுவார்கள், ஒரு தட்டு தட்டியதும் இறங்கத் தொடங்கும். துல்லியம் கூடும் என்று பழைய லீட் ஸ்குரூவைக் கழற்றிவிட்டு பால் ஸ்குரூ போடுபவர்கள், பிரேக் ஒன்றும் சேர்த்தே போட வேண்டும்.

பிரேக் பெரும்பாலும் மோட்டாரின் பின்புறத்தில்தான் இருக்கும். மோட்டாரைக் கழற்றினால் பிரேக்கும் போயிற்று. பராமரிப்பின்போது நேரும் விபத்துகளில் இது வழக்கமான ஒன்று. மோட்டாருக்கும் ஸ்குரூவுக்கும் நடுவே பெல்ட் இருந்தால் இன்னும் மோசம். பெல்ட் அறுந்துபோனால் மோட்டார் பக்கத்து பிரேக் எதையும் பிடிக்காது. பிரேக் ஸ்குரூ பக்கம் இருப்பதே சரி.

வேலையைத் தொடங்கும் முன் அச்சை அதன் அடிமட்டம்வரை இறக்குங்கள். அப்படி முடியாவிட்டால், எடையைத் தாங்கக்கூடிய எஃகு முட்டு ஒன்றைக் கீழே கொடுங்கள். பிறகு எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லி, பிரேக்கை விட்டு எடை முழுவதையும் முட்டின்மேல் உட்கார வையுங்கள். இடைவெளியோடு நிற்கும் முட்டு முட்டே அல்ல. அதன்பின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுவிட்டு மோட்டாரையும் ஸ்குரூவையும் இணைக்கும் கப்ளிங்கைத் தளர்த்தலாம். அச்சின் எடையைச் சமன்செய்யும் காற்றழுத்த எதிர்எடை சிலிண்டர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: கனமான தலையைக் கழற்றியதும் மிச்சமுள்ள அழுத்தம் அச்சை மேல்நோக்கித் தள்ளும்.

மோட்டாரோடு வரும் பிரேக், நின்றுவிட்ட சுமையைப் பிடித்து வைக்கத்தான். ஓடும் சுமையை நிறுத்த அல்ல. அவசர நிறுத்தத்தை அடிக்கடி அழுத்தினால் அதன் லைனிங் தேயும். தண்டு சீல் கசிந்து எண்ணெய் பட்டாலும் பிடி தளரும். பிரேக் போட்ட நிலையில் அச்சில் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மோட்டாரால் கீழ்நோக்கி விசை கொடுத்துப் பாருங்கள். முள் தொடர்ந்து நகர்ந்தால் பிரேக்கை மாற்ற வேண்டியதுதான்.

லீட் ஸ்குரூவில் ஆபத்து வேறு வழியாக வருகிறது: நட் தேய்வது. 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் 261-ஆம் எண் எம்டி-83 விமானம் கலிஃபோர்னியா கரையருகே கடலில் விழுந்து 88 பேர் இறந்தனர். வால்பகுதிக் கிடைத்தளத்தை ஏற்றி இறக்கும் ஸ்குரூவின் நட்டில், மரையின் தடிமனில் சுமார் 90 சதவீதம் தேய்ந்து, மிச்சமும் அறுந்துபோயிருந்தது. போதிய கிரீஸ் இல்லாததே தேய்வுக்குக் காரணம் என்றது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். கிரீஸ் போடுவதற்கும் ப்ளே (நட்டின் தளர்வு) அளப்பதற்கும் உரிய கால இடைவெளிகளை நீட்டித்ததையும், மரை முழுதும் போனால் தாங்க வேறு ஏற்பாடு இல்லாததையும் அது குறிப்பிட்டது.

அந்த வேறு ஏற்பாடுதான் பாதுகாப்பு நட். சுமை படாமல் முதன்மை நட்டோடு சேர்ந்து நகரும். மரை தேயத் தேய இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். புதிதாகப் பொருத்திய அன்றே அந்த இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் பின்னால் அளந்து பயனில்லை. 4 மி.மீ. பிட்ச் மரையின் தடிமன் நடுவில் 2 மி.மீ. கால் பங்கு, அதாவது அரை மி.மீ. தேய்ந்தாலே நட்டை மாற்றிவிடுவது என் கணக்கு. தயாரிப்பாளர் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே எல்லை. கிரீஸ் துப்பாக்கியை அழுத்தினோம் என்பதோடு விடாமல், பழைய கிரீஸ் நட்டின் ஓரத்தில் பிதுங்கி வருகிறதா என்று பாருங்கள். அதில் பித்தளை நிறத் துகள் மின்னினால் நட் தேய்கிறது.

பால் ஸ்குரூவில் நட்டை வெறும் கையோடு தண்டிலிருந்து உருவினால் குண்டுகள் கொட்டிவிடும். மரையின் அடிவிட்டத்தைவிடச் சற்றே சிறிய குழாயைத் தண்டு முனையோடு ஒட்டிவைத்து, நட்டை அதன்மேல் ஏற்றி எடுக்க வேண்டும். கிராஃபைட்டோ மாலிப்டினம் டைசல்ஃபைடோ கலந்த கிரீஸ் இதற்கு ஆகாது. சுமையை இரட்டிப்பாக்கினால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பல்சட்டத்தில் பல்சக்கரம் ஓடும் ரேக் பினியனைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம், செங்குத்தாகப் போட்டால் பிரேக் இன்றி விழும். கிராங்க் அழுத்த இயந்திரத்திலோ, மேலும் கீழும் ஓடி அழுத்தும் பாகமான ஸ்லைடு பாதி வழியில் நின்றிருக்கும்போது கிளட்ச் விட்டால் அதன் எடையே கிராங்கைச் சுழற்றிக் கீழே வரும். அச்சுக்கட்டையை (டை) மாற்றுவதற்கு முன் அங்கேயும் ஸ்லைடுக்கு முட்டு கொடுக்க வேண்டும். முட்டு உள்ளே இருக்கும்போது மோட்டார் ஓடாதபடி முட்டின் சங்கிலியை ஒரு மின் இணைப்புச் செருகியோடு பிணைத்து வைப்பது வழக்கம்.