எஃபெக்டிவ்னெஸ்: செயல்திறனா, விளைபயனா?

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். அதையொட்டி நாகப்பட்டினம், காரைக்கால் வட்டாரத்து ஆலைகளிலும் எண்ணெய்க் கிணறுகளிலும் தமிழில் துண்டறிக்கைகளும் படிவங்களும் வரும். அவற்றில் தவறாமல் கண்ணில் படும் தொடர், ‘குழுப்பணிப் பயிற்சியின் செயல்திறன் மதிப்பீடு’. தஞ்சாவூர்ப் பக்கத்து மருத்துவமனைக் கையேடுகளிலும் இதேதான். எஃபெக்டிவ்னெஸ் என்பதற்குச் செயல்திறன் என்று போடுவது பிழை. அந்தப் பிழை ஏட்டோடு நிற்பதில்லை, ஆலைக்குள்ளும் போகிறது.

மூலத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். லத்தீனில் ‘செய்து முடி, விளையச் செய்’ என்ற பொருளுள்ள ஒரே வினையிலிருந்துதான் எஃபிஷியன்ஸியும் எஃபெக்டிவ்னெஸும் கிளைத்தன. பிறகு வழி பிரிந்தது. குறைந்த செலவில், வீணில்லாமல் ஓடுவது எஃபிஷியன்ஸி. நினைத்த விளைவு உண்மையிலேயே கிடைப்பது எஃபெக்டிவ்னெஸ்.

இப்போது செயல்திறனைப் பாருங்கள். பம்ப்செட் எவ்வளவு கரண்ட் இழுத்து எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது என்பதற்குச் செயல்திறன் என்கிறோம். அது சரி, பொருத்தமான இடம். மாணவரின் பெர்ஃபார்மன்ஸுக்கும் அதே சொல். கொரோனா காலத்தில் ஆய்வுக்கட்டச் சோதனையில் தடுப்பூசி காட்டிய ஆற்றலுக்கும், ஊருக்குள் போட்ட பிறகு அது தந்த பலனுக்கும் ஒரே செயல்திறன்தான் செய்திகளில் வந்தது. ஆங்கிலத்தில் முன்னது எஃபிகஸி, பின்னது எஃபெக்டிவ்னெஸ்: இரண்டு சொற்கள், இரண்டு கணக்குகள். இத்தனை பேருக்கும் ஒரே சட்டையை மாட்டிவிட்டு, தமிழில் துல்லியம் வராது என்று மொழிமேல் பழி போடுகிறார்கள். மொழியில் குறை இல்லை. அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டும் அவசரம்தான் குறை.

திறன் என்பது பொருளுக்குள்ளேயே இருப்பது. பயன் வெளியே, களத்தில் தெரிவது. டெல்டாக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடுதுறை 43 நெல்லின் சான்று விதை வாங்கினால் மூட்டைச் சீட்டில் முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் என்று இருக்கும். அறுத்து அடித்துத் தூற்றியபின் களத்தில் அளப்பது கண்டுமுதல். சீட்டைப் பார்த்துக் கண்டுமுதல் எழுதும் விவசாயி எங்கும் கிடையாது. பயிற்சி அறிக்கைகளில் மட்டும் அதைத்தான் செய்கிறோம்.

குழுப்பணிப் பயிற்சியில் இந்த வேறுபாடு உயிர்போகும் விஷயம். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். எதிர் விமானம் பாதையை விட்டு விலகவில்லையா என்று பொறியாளர் கேட்டார், கேப்டன் அதைத் தள்ளிவிட்டார். 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் சக்கரக் கோளாறிலேயே கேப்டன் மூழ்கியிருக்க, எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. எண்ணெய் குறைகிறது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள், அழுத்திச் சொல்லவில்லை. கீழிருப்பவர் தயங்காமல் எடுத்துச் சொல்லவும், மேலிருப்பவர் அதைக் கேட்கவும் பழக்குவதுதான் குழுப்பணிப் பயிற்சி. 1979இல் நாசா இதற்கென்றே ஒரு பட்டறை கூட்டியது. 1981இல் யுனைடெட் விமான நிறுவனம் பயிற்சியைத் தொடங்கியது. பின்னால் அறுவை அரங்குகளுக்கும் கடல் எண்ணெய் மேடைகளுக்கும் அது பரவியது. (ஆங்கிலத்தில் ‘க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்’ எனப்படும் இந்தப் பயிற்சியைக் ‘குழு வள மேலாண்மை’ என்று பெயர்த்திருக்கிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுவின் கடன் விவகாரம் என்றுதான் நம் ஊரில் யாரும் நினைப்பார்கள்.)

பயிற்சியை எப்படி எடைபோடுவது என்பதற்கு 1959 முதலே அமெரிக்கப் பேராசிரியர் கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு படிகள் புழக்கத்தில் உள்ளன: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு மாறியதா. விமானத்துறையில் முதல் இரண்டுக்குச் சான்று நிறைய. நான்காவதுக்குக் குறைவு. விபத்து அரிதாக நடப்பது, அதே காலத்தில் கருவிகளும் விதிகளும் மேம்பட்டன, எது எதனால் என்று பிரிப்பது கடினம். மருத்துவத்தில் 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத் தேடிப் போனது. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற 74 இடங்களில் அறுவை சிகிச்சை மரணம் 18 சதவீதம் குறைந்தது, பெறாத 34 இடங்களில் 7 சதவீதம். இந்தக் கணக்கைச் ‘செயல்திறன்’ என்றால் யாருடைய திறன்? வகுப்பெடுத்தவருடையதா?

மாற்றாகச் சிலர் ‘பயனுறுதி’ என்கிறார்கள். கேட்டால் காப்பீட்டு ஏஜென்ட் உத்தரவாதம் தருவதுபோல் இருக்கிறது. மதிப்பிட வேண்டியதை முன்கூட்டியே உறுதி என்று சொல்லலாமா? இலங்கைப் பாடநூல்கள் நம்மைவிடக் கவனமாக இருக்கின்றன: எஃபிஷியன்ஸிக்கு வினைத்திறன், எஃபெக்டிவ்னெஸுக்கு விளைதிறன். பிரித்துக் காட்டியதற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் இரண்டும் ஓரிரு எழுத்தில் ஊசலாடுகின்றன, அச்சில் னை-யும் ளை-யும் மாறினால் குழப்பம்தான். தவிர, விளைதிறனிலும் திறன் உட்கார்ந்திருக்கிறது. மருந்துக்கு, தடுப்பூசியின் ஆய்வுக்கட்ட ஆற்றலுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு விளைபயன் என்பதே என் கட்சி. வினைத்தொகை என்பதால் விளைந்த, விளைகிற, விளையும் பயன் மூன்றையும் அது தாங்கும். விளைநிலம், விளைபொருள் என்று பழகிய வாய்க்குப் புதிதும் அல்ல.

தலைப்பு மாறினால் படிவத்தின் கேள்வியும் மாறியாக வேண்டும். ‘செயல்திறன்’ என்ற தலைப்பின் கீழ் வகுப்பு பிடித்ததா, பயிற்சியாளர் தெளிவாகப் பேசினாரா, சாப்பாடு எப்படி என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்து 167 பேர் மாண்டதற்கு ஒரு காரணம், பழுதுபார்க்கக் கழற்றிய வால்வு பற்றிய தகவல் இரவு ஷிப்டுக்குச் சரியாகப் போய்ச் சேராதது. விளைபயன் என்று தலைப்பிடுகிறவர் ஷிப்ட் மாறும் நேரத்தில் போய் நிற்க வேண்டும்: வேலை அனுமதிச் சீட்டுகளை வாயால் சொல்லிக் கைமாற்றுகிறார்களா, சந்தேகம் வந்தால் ஹெல்பர் ‘நிறுத்துங்க சார்’ என்கிறாரா, சொன்னால் சூப்பர்வைசர் நிறுத்துகிறாரா. மூன்று மாதம் கழித்து ஒரு முறை, ஓராண்டு கழித்து இன்னொரு முறை.