பேட்டரியைத் திட்டுமுன் கேபிளைப் பாருங்கள்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் சுற்றவில்லை, ஆனால் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. பினாங்கில் பலர் உடனே புது பேட்டரி வாங்கக் கிளம்பிவிடுவார்கள். பழைய பேட்டரியில் குறையே இல்லாமலும் இருக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு. சிறிய டீசல் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டாரான ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிள் 10 சதுர மில்லிமீட்டர் செம்பு. போக 2 மீட்டர், வர 2 மீட்டர். மொத்த மின்தடை சுமார் 7 மில்லி ஓம்தான். ஆனால் 200 ஆம்பியரில் அது 1.4 வோல்ட்டை விழுங்கிவிடும். விளக்குகள் கேட்பதோ 10 ஆம்பியர். அவற்றுக்கு இழப்பு 0.07 வோல்ட். அதனால்தான் விளக்கு எரிகிறது, எஞ்சின் அசையவில்லை. அதே இடத்தில் 35 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டாகக் குறையும்.

காரில் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதைக்குப் பெரும்பாலும் இரும்பு பாடியே உதவுகிறது. ஃபைபர் படகில் அந்த வசதி கிடையாது. நெகட்டிவ் கேபிளும் முழு தூரம் ஓட வேண்டும். தெலுக் பஹாங்கில் தூண்டில் போடப் போகிறவர், பின்பாரம் குறையட்டும் என்று பேட்டரியை முன்பக்கம் 5 மீட்டர் தள்ளி வைத்தால், கணக்கில் 10 மீட்டர் என்று எழுத வேண்டும். அதே 200 ஆம்பியருக்கு இழப்பு அரை வோல்ட்டுக்குள் நிற்க, இப்போது 35 போதாது, 70 வேண்டும்.

அடுத்த எதிரி உப்புக்காற்று. கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காதான லக்கின் வாயருகே ஈரம் நுழைந்து, உறைக்குள் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து போகும். வெளியே கேபிள் புதிது மாதிரி இருக்கும். உறையைக் கீறினால் செம்பு கறுத்திருக்கும். அதனால்தான் படகுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள்.

இங்கேதான் ஏமாறுகிறோம். செம்பு பூசிய அலுமினியக் கேபிளும் கடையில் கிடைக்கிறது, விலை மலிவு. அலுமினியம் செம்பைவிட மின்சாரத்தைக் குறைவாகவே கடத்தும், செம்பு கடத்துவதில் சுமார் 60 சதவீதம்தான். ஓர் இழையை உருவி பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் நல்ல சரக்கு. வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் வேண்டாம் அண்ணே என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். கையில் தூக்கினாலே எடை வித்தியாசம் தெரியும்.

லக்கை ஈயம் உருக்கி ஒட்டுவதைவிட, சரியான கருவியால் நசுக்கி இறுக்கி கிரிம்ப் செய்வதே எனக்குப் பிடிக்கும். ஈயம் இழைகளில் ஏறி விறைத்துவிடும்; எஞ்சின் அதிர்வில் அந்த ஓரத்திலேயே ஒடியும். அப்புறம், உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடிவிடுங்கள். மோசமான இணைப்பில் 1 மில்லி ஓம் கூடினாலே 200 ஆம்பியரில் 40 வாட் சூடு, கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்ன் அளவு.

சோதிக்க மல்ட்டிமீட்டர் போதும். ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தண்டிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. மறுமுனை, பாசிட்டிவ் கேபிள் மாட்டிய ஸ்டார்ட்டர் போல்ட்டில். ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளையோ இணைப்பையோ சந்தேகப்படலாம். கிளாம்பில் நீலப்பச்சைத் தூள் படிந்திருந்தால் சோடா மாவு கரைத்த நீரில் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் இறுக்குங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். பாசிட்டிவ்வை முதலில் தொட்டால், ஸ்பேனர் காரின் இரும்பு பாடியில் பட்ட நொடியில் தீப்பொறி பறக்கும்.