உளவு விமானத்தைப் பெயின்ட் காப்பாற்றாது

ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகத்தில் பறக்கையில் அமெரிக்க உளவு விமானமான எஸ்ஆர்-71 பிளாக்பேர்டின் மேற்பரப்பு பல இடங்களில் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். அதற்காகவே அதன் உடலில் பெரும்பகுதியை டைட்டானியத்தில் செய்தார்கள். அந்தச் சூட்டையே தாங்கிய விமானத்தை மழையும் வெயிலும் என்ன செய்துவிடும் என்று பலரும் கேட்கிறார்கள். ஓய்வுபெற்ற ராணுவ விமானங்களில் அரிப்பைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்வது என் தொழில். டைட்டானியத்தை மழை ஒன்றும் செய்யாதுதான். ஆனால் டயர், ரப்பர் பட்டை, கண்ணாடி, மின்கம்பி உறை, மக்னீசியம் சக்கரம் என்று விமானத்தில் மற்றவையும் இருக்கின்றனவே!

பணியில் இருக்கும் விமானத்தைத் தினமும் யாராவது சுற்றிவந்து பார்க்கிறார்கள், கழுவுகிறார்கள், கசிவைத் துடைக்கிறார்கள். ஓய்வு கொடுத்துக் காட்சிக்காக மேடையில் ஏற்றிய பிறகு அந்தக் கை நின்றுபோகிறது. திறப்பு விழாவுக்கு முன் அடிக்கும் பெயின்டுக்கு மட்டும் எப்படியோ பணம் கிடைத்துவிடும்.

உளவு விமானங்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். மூக்கிலும் வயிற்றிலும் கேமராக்களுக்கென அறைகளும் கண்ணாடிச் சாளரங்களும் உண்டு. ஓய்வு கொடுக்கும்போது கேமராக்களைக் கழற்றிக்கொள்வார்கள். அறை காலியாக நிற்கும். சாளரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் வெயிலில் வெடிக்க, மழைநீர் மூடிகளின் விளிம்பு வழியே இறங்கி அங்கே தேங்கும். வடிகால் துளை இருக்கத்தான் செய்கிறது, அதில் குளவி மண்ணை அப்பிக் கூடு கட்டியிருக்கும். மெல்லிய கம்பியால் அந்த மண்ணைக் குத்திவிட்டால் பழுப்பு நீர் சிறிது நேரம் கொட்டிக்கொண்டே இருக்கும். மூடியைத் திறந்து உள்ளே விளக்கடித்தால், அலுமினியச் சட்டம் நனைந்து காய்ந்த புத்தகம்போல் ஏடு ஏடாக உப்பிப் பிரிந்திருக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும்.

வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் இன்னொரு கேடு. சோவியத் தயாரிப்பான மிக்-25 விமானத்தின் எடையில் சுமார் 80 விழுக்காடு நிக்கல் கலந்த எஃகு. மீதி அலுமினியமும் டைட்டானியமும். இந்திய விமானப்படை 1981 முதல் 2006 வரை இதன் உளவு வகையைப் பறக்கவிட்டது. அவற்றில் ஒன்று டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எஃகும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்பு கலந்த ஈரம் புகுந்தால் அந்த இடமே ஒரு மின்கலமாகிவிடும். இரையாவது அலுமினியம். தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டின் தலையைச் சுற்றி வெண்பொடி தெரிந்தால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்மேல் புதுப் பெயின்ட் அடிப்பவர்கள் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள்.

1976 ஜூலையில் 25,929 மீட்டர் உயரத்தில் பறந்து சாதனை படைத்த எஸ்ஆர்-71 இன்று இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் கூரைக்குக் கீழே நிற்கிறது. அதன் முன்னோடியான ஏ-12 ஒன்று நியூயார்க்கில் அருங்காட்சியகமாக இருக்கும் இன்ட்ரெபிட் கப்பலின் மேல்தளத்தில் திறந்த வெளியில் நிற்கிறது. இரண்டில் எதைப் பராமரிக்கக் கை அதிகம் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. கூரை போட வழியில்லாத நிறுவனம் விமானம் கேட்டு விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. இதைச் சொல்லிப் பலரின் முகச்சுளிப்பைச் சம்பாதித்திருக்கிறேன்.

இது விமானத்தின் ஆயுளை மட்டும் பொறுத்த விஷயமல்ல. ஆபத்து நேரத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கையில் வெடிமருந்து உண்டு. விமானி அறையின் மேல்மூடியைத் தெறிக்கவைக்கவும் வெடிமருந்து உண்டு. அவை அகற்றப்பட்டன என்ற சான்று கைக்கு வராமல் எந்த விமானத்தையும் ஏற்கக் கூடாது. பழைய பிரேக் பட்டைகளில் உடலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பழைய தலைமுறை விமானங்களின் அளவிகளில் இருட்டில் முள் தெரிவதற்காகக் கதிர்வீச்சை உமிழும் ரேடியம் பூசியிருப்பார்கள். இப்போது ஒளிரவில்லையே என்று அதைச் சுரண்டிப் பார்ப்பவர்கள் உண்டு. தேய்ந்துபோனது ஒளிரும் வேதிப்பொருள்தான். ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது கதிர்வீச்சு பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 ஆண்டுகள். கண்ணாடி உடைந்த அளவியைத் தொடவே கூடாது.

பார்க்கப் போகிறவர்கள் இறக்கையில் ஏறாதீர்கள், உரியும் பெயின்டைக் கிள்ளாதீர்கள், பிள்ளைகளைச் சக்கரத்தில் உட்காரவைத்துப் படம் எடுக்காதீர்கள். மழையே இல்லாத வாரத்தில் வயிற்றுப் பகுதியில் ஈரக்கறை, ரிவெட்டைச் சுற்றி வெண்பொடி, கொப்புளமாக எழும்பிய பெயின்ட், ஒரு பக்கம் மட்டும் அமுங்கிய டயர் – இவற்றில் எது கண்ணில் பட்டாலும் படம் எடுத்து அங்குள்ள ஊழியரிடம் காட்டுங்கள். கறையை மட்டும் நெருக்கமாக எடுக்காமல், இறக்கையோ சக்கரமோ தெரியும்படி தள்ளிநின்றும் ஒன்று எடுங்கள். திறக்க வேண்டிய மூடி எது என்று நாங்கள் தேடி அலைய வேண்டியிருக்காது.