மகரந்த அலர்ஜிக்கு ஊசி போடும் முன்

"டாக்டர், இந்தத் தும்மலுக்கு ஒரு தடுப்பூசி இருக்காமே, போட்டா சரியாயிடுமா?" ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா கேட்டார். வீட்டைச் சுற்றிச் சீமைக் கருவேலம். அது பூத்துவிட்டால் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, ராத்திரியெல்லாம் மூக்கடைப்பு. ஆனால் கையிலிருந்த அலர்ஜி ரிப்போர்ட்டில் எல்லாமே நெகடிவ்.

விசாரித்தபோதுதான் தெரிந்தது, பரிசோதனைக்குப் போன அன்று காலையிலும் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டிருக்கிறார். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அந்தப் பரிசோதனையில், முன்கையில் மகரந்தச் சாற்றை ஒரு சொட்டு வைத்து, அதன் வழியே தோலை லேசாகக் குத்தி, 15 நிமிடம் கழித்துத் தடிப்பை அளப்போம். வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் பாசிடிவ். கூடவே, அலர்ஜியின்போது உடம்பே சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளையும் ஒரு சொட்டு வைப்போம். அது எல்லோருக்கும் தடிக்க வேண்டும். தடிக்கவில்லையென்றால் மாத்திரை தோலை அமுக்கி வைத்திருக்கிறது என்று பொருள். அந்த ரிப்போர்ட்டை நம்பக் கூடாது. இவருடைய ரிப்போர்ட்டில் ஹிஸ்டமின் தடிப்பின் அளவையே குறிக்கவில்லை. ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தி மறுபடி பார்த்தோம். சீமைக் கருவேலச் சாறு வைத்த இடம் நன்றாகத் தடித்தது.

சரி, ஊசி? தடுப்பூசி என்று சொன்னாலும், இது எந்த மகரந்தம் ஆகவில்லையோ அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்குவது. லண்டனில் லெனார்ட் நூன் 1911-இல் புல் மகரந்தத்தை வைத்துத் தொடங்கிய வழி. பெரும்பாலும் மூன்று வருஷம் விடாமல் எடுக்க வேண்டும்.

இது வேலை செய்கிறதா என்று சோதிப்பதுதான் கஷ்டம். ஒரு வருஷம் காற்றில் மகரந்தம் குறைந்தாலே எல்லோருக்கும் தும்மல் குறையும். மருந்துக்குப் பெயர் கிடைத்துவிடும். ஐரோப்பாவின் பிர்ச் மர மகரந்த அலர்ஜிக்கான மாத்திரையை, நாக்கடியில் வைப்பது அது, 634 பேரிடம் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு மருந்தில்லாத அதே மாதிரி மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மரம் பூப்பதற்குப் பல வாரம் முன்பே தொடங்கி, பூக்கும் காலத்தில் தினமும் தும்மல், கண் நீர், கூடுதலாகப் போட்ட மாத்திரை எல்லாவற்றையும் குறித்து வைத்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்குத் தொந்தரவு சுமார் 40 சதவீதம் குறைவு. முழுக்கப் போய்விடவில்லை, கவனியுங்கள்.

அந்தக் கணக்கைச் சீமைக் கருவேலத்துக்கு அப்படியே எடுத்துப் போட முடியாது. மரமும் வேறு, மருந்தும் வேறு. இதையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். உங்களிடம் ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், இந்தச் சாற்றை எப்படிச் சோதித்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்கு இளைப்பும் (ஆஸ்துமா) இருந்தது. இளைப்பு கட்டுக்குள் வராமல் இந்த ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் இன்ஹேலர், மூக்கு ஸ்பிரே, அப்புறம்தான் ஊசி. இப்போது ஒவ்வொரு முறையும் ஊசி போட்டபின் அரை மணி நேரம் எங்கள் கண் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். ஊருக்குப் பஸ் போய்விடும் என்று அவசரப்பட்டாலும் நான் விடுவதில்லை.