ஊசி திரும்புகிறது, ஏன் நகரவில்லை?

ஒரு தையல் ஊசி, ஒரு காந்தம், பாட்டில் தக்கையில் வெட்டிய மெல்லிய வில்லை, ஒரு கிண்ணம் தண்ணீர். வீட்டிலேயே திசைகாட்டி செய்ய இவ்வளவு போதும். கிண்ணம் பிளாஸ்டிக்கோ பீங்கானோ இருக்கட்டும். எவர்சில்வரில் சில ரகங்கள் காந்தத்தில் ஒட்டும். அவை ஊசியைக் குழப்பிவிடும்.

காந்தத்தின் ஒரே முனையால், ஊசியின் காதிலிருந்து கூர்முனை வரை முப்பது நாற்பது தடவை தேய்க்க வேண்டும். கூர்முனை வந்ததும் காந்தத்தை நன்றாக மேலே தூக்கி, சுற்றிக் கொண்டுவந்து, மறுபடி காதிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகள் அவசரத்தில் முன்னும் பின்னுமாகத் தேய்த்துவிடுவார்கள். சோதனை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஊசியின் எஃகுக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் காந்தப் பகுதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆளுக்கொரு திசை பார்த்து நிற்பதால் ஒன்றின் விசையை இன்னொன்று அழித்துவிடுகிறது. ஒரே பக்கமாகத் தேய்க்கத் தேய்க்க அவை ஒரு முகமாகத் திரும்புகின்றன. எதிர்ப்பக்கம் தேய்த்தால் அந்த ஒழுங்கை நாமே கலைத்துவிடுகிறோம்.

சரி, இப்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, தக்கை மேல் ஊசியைப் படுக்கவைத்து மிதக்க விடுங்கள். தக்கை கிண்ணத்தின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டால், அது நீரின் பரப்பு இழுவிசை செய்யும் வேலை. விளிம்புக்கு மேல் தண்ணீர் லேசாகப் புடைத்து நிற்கும்வரை ஊற்றுங்கள். தக்கை தானாக நடுவுக்கு வந்துவிடும். ஊசி மெல்லத் திரும்பும், சற்றுத் தாண்டிப் போகும், திரும்பி வரும், கடைசியில் வடக்கு தெற்காக நிற்கும். காலைச் சூரியன் வலது கைப்பக்கம் இருக்கும்படி நின்றால் உங்கள் முகம் வடக்கே. எந்த முனை வடக்கைக் காட்டுகிறதோ அதில் ஒரு மைப் பொட்டு வையுங்கள்.

பலர் இதோடு எழுந்துவிடுகிறார்கள். எனக்கு இந்தச் சோதனை சுவைக்கத் தொடங்குவதே இதற்கு அப்புறம்தான். பூமி ஊசியை வடக்கே இழுக்கிறது என்றால் தக்கையும் வடக்குப் பக்கம் நகர வேண்டுமே? நகர்வதில்லை, திரும்பி நின்றுவிடுகிறது. லண்டனில் திசைகாட்டிகள் செய்துவந்த ராபர்ட் நார்மன் 1581இலேயே இதை எழுதிவைத்தார். பூமியின் காந்தப்புலம் இந்தச் சிறிய ஊசியின் இரு முனைகளிலும் ஒரே அளவாக இருக்கிறது. ஒரு முனையை வடக்கே எவ்வளவு இழுக்கிறதோ, மறுமுனையை அவ்வளவே தெற்கே இழுக்கிறது. அதனால் திருப்பம் மட்டுமே மிஞ்சுகிறது. உங்கள் காந்தத்தைக் கிண்ணத்தருகே கொண்டுபோய்ப் பாருங்கள், தக்கை நகர்ந்தே வரும். பக்கத்திலிருக்கும் முனையை இழுக்கும் விசை அதிகம், தள்ளியிருக்கும் முனையை விலக்கும் விசை குறைவு.

நார்மன் இன்னொன்றையும் கண்டார். சமநிலையில் தொங்கிய ஊசி, காந்தம் ஏற்றியபின் வடமுனையைத் தரைநோக்கிச் சாய்த்தது. லண்டனில் 70 டிகிரிக்கும் மேல். நமக்கு அந்த அளவு சாய்வு தெரியாது. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு, அதாவது காந்த நடுக்கோடு, தென்தமிழகத்துக்கு வெகு அருகே போகிறது. திருநெல்வேலியில் காந்த ஊசியை நூலில் நடுப்பிடித்துத் தொங்கவிட்டால், கிட்டத்தட்டப் படுக்கையாகவே நிற்கும்.