ஹைட்ரஜன் ஆராய்ச்சிக்கு அரசு உதவி: விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புக்கொண்ட தொகை 19,744 கோடி ரூபாய். அதில் ஆராய்ச்சிக்கு 400 கோடி. அந்த வரிசையில் ஐ.ஐ.டி.க்களோடும், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியோடும் நின்று போட்டி போட வேண்டும். ஊர்ப்புறக் கல்லூரி மாணவருக்கும், நாலு பேர் சேர்ந்து ஷெட்டில் எரிபொருள் செல் (ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் தரும் கருவி) செய்பவர்களுக்கும் கைக்கெட்டுவது தமிழ்நாடு அரசின் சிறு நிதிகள்தான். அங்கேயும் ஆராய்ச்சி சரியில்லை என்று திரும்பி வந்தவர்களைவிடக் காகிதம் சரியில்லை என்று திரும்பி வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மாணவர்களுக்கு இருப்பது தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் ஆய்வுத் திட்டம். கிடைப்பது சில ஆயிரம் ரூபாய். கல்லூரி முதல்வர் வழியாகத்தான் விண்ணப்பம் போகும், பணமும் கல்லூரிக்குத்தான் வரும். சிக்கல் அங்கேதான். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, பணம் வரத் தாமதமானதால் எரிபொருள் செல்லுக்கு வேண்டிய கிராஃபைட் தகடும் மெம்ப்ரேன் என்ற மெல்லிய படலமும் சொந்தக் காசில் வாங்கினார். வைவா முடிந்த பிறகு பணம் வந்தது. பில்லில் அப்பா பெயர் இருக்கிறது, கல்லூரி பெயர் இல்லை என்று கணக்குப் பிரிவில் கொடுக்க மறுத்துவிட்டார்கள். மூன்று வாரம் அலைந்தார், ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. சொந்தக் காசில் வாங்கினாலும் பில் கல்லூரி பெயரில் இருக்கட்டும். தேதி, அனுமதிக் கடிதத்தின் தேதிக்குப் பிந்தியதாக இருக்கட்டும்.

நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு, தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு புதிய நிறுவனங்களுக்குத் தரும் டான்சீட் நிதி இருக்கிறது. 10 லட்சம் வரை. பசுமைத் தொழில்நுட்பம், ஊரக முன்னேற்றம், பெண்கள் தலைமையிலான நிறுவனங்கள் என்றால் 15 லட்சம். ஹைட்ரஜன் வேலை பசுமைப் பிரிவில் வரும், அதை விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். 'மானியம்' என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது, பதிலுக்கு நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கு போகும். கூட்டாளிகளிடம் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் விழும் குழி உத்யம் சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு 'நாங்கள் பதிவுசெய்த ஸ்டார்ட்அப்' என்கிறார்கள். அது சிறு தொழில் பதிவு மட்டும்தான். டான்சீட்டுக்குக் கேட்பது மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறையான டிபிஐஐடி தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரம். தனி ஆள் பெயரில் நடக்கும் நிறுவனத்துக்கு அது கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை), பதிவுசெய்த கூட்டு நிறுவனம் என்று ஏதாவது ஒன்றாக மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும். பதிவு முகவரி தமிழ்நாட்டில் இருக்க வேண்டும். பெங்களூரு முகவரியில் நிறுவனம் தொடங்கிவிட்டு, ஓசூரில் பட்டறை இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை.

இனி, இந்தத் துறைக்கே உரிய இரண்டு விஷயங்கள். மெம்ப்ரேனும் பிளாட்டினம் வினையூக்கியும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. விற்பவர் தரும் விலைப்புள்ளி 30 நாள் செல்லும் என்றால், உங்கள் கோப்பு நகர அதைவிடப் பல மடங்கு காலம் ஆகும். அதற்குள் டாலர் ஏறிவிடும். அந்தக் கூடுதல் விலையை யாரும் தரமாட்டார்கள். மதிப்பீட்டிலேயே கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்கள்.

அடுத்தது பாதுகாப்புச் செலவு. ரெகுலேட்டர், கசிவு காட்டும் கருவி, சிலிண்டரைச் சுவரோடு கட்டும் சங்கிலி எல்லாவற்றையும் பட்ஜெட்டில் தனித்தனி வரியாகப் போடுங்கள். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பிடிக்கும், பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. சிலிண்டர் வால்வு இடதுபுற மரை கொண்டது, ஆக்சிஜன் ரெகுலேட்டர் அதில் ஏறாது. இது தெரியாமல் பழைய ரெகுலேட்டர் போதும் என்று எழுதியவர்கள் பிறகு பட்ஜெட்டை மாற்றக் கேட்டு மாதக்கணக்கில் நின்றார்கள். ஒரு தலைப்பின் பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்ற எழுத்து அனுமதி வேண்டும். கேட்காமல் மாற்றினால், பணத்தைச் சொன்னபடி செலவழித்தோம் என்று காட்டும் பயனீட்டுச் சான்று நிற்கும், அது நின்றால் அடுத்த தவணையும் நிற்கும்.

'கமிஷன் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்' என்று வருகிறவரிடம் ஆதாரும் பான் நகலும் கொடுக்காதீர்கள். இணையத்தில் விண்ணப்பித்தால் ஒப்புகை எண் வரும் பக்கத்தை அன்றே அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தபால் பிரிவு முத்திரையும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். இரண்டு மாதம் கழித்து 'உங்க விண்ணப்பம் வரவே இல்லையே' என்பார்கள். அப்போது மேஜைமேல் வைக்க அந்த நகல் வேண்டும்.