விரல் போன அன்று ஆஸ்பத்திரியில் என்ன சொன்னீர்கள்?

"வீட்டுல கதவு நசுக்கிருச்சுன்னு சொல்லிரு. மத்ததை முதலாளி பாத்துக்குவாரு." மதுரையில் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் என்னிடம், தகடு அழுத்தும் பவர் பிரஸ் மிஷினில் விரலைப் பறிகொடுத்து வருகிறவர்கள் பலர், கம்பெனியில் இப்படிச் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும்போது சொல்லும் காரணம்தான் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) ஏறும். பின்னால் இழப்பீடு கேட்டுப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். அதனால் வேலையில் மிஷினில் அடிபட்டது என்றே சொல்லுங்கள். கம்பெனி பெயரையும் சொல்லுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு வலது கட்டைவிரல் போய்விட்டது. 20,000 ரூபாயைக் கையில் கொடுத்து, எதுவும் எழுதாத பத்திரத்தில் இடது பெருவிரலை உருட்டி ரேகை எடுத்துவிட்டார்கள். வலது கையில்தான் கட்டு இருந்ததே! நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

சட்டத்தின் கணக்கு வேறு. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாக அட்டவணை சொல்கிறது. வயது 30, மாதக் கூலி 15,000 என்று வையுங்கள். கூலியில் 60 சதவீதம் 9,000. அதை அந்த வயதுக்குரிய காரணி 207.98-ஆல் பெருக்கி, வருவதில் 30 சதவீதம் எடுத்தால் சுமார் 5,61,500 ரூபாய். இந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் எந்தப் பத்திரமும் செல்லாது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி இது.

அடுத்து வருவது, "நீ எங்க ஆளே இல்ல, காண்ட்ராக்டர் ஆளு." கம்பெனியின் வழக்கமான வேலையைக் காண்ட்ராக்டர் மூலம் செய்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு கம்பெனிக்கு உண்டு. கொடுத்துவிட்டு அவர்கள் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். ஆனால் அங்கே வேலை பார்த்ததை நாம்தான் நிரூபிக்க வேண்டும். மிஷினுக்கு வாங்கிய பில் இருக்கும், இன்சூரன்ஸ் இருக்கும். அதை ஓட்டியவருக்கு ஒரு அடையாள அட்டைகூட இருக்காது. கப்பலூரோ வாடிப்பட்டியோ, எங்கே வேலை பார்த்தாலும் சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, ஜிபேயில் வந்த கூலி, கம்பெனி வேனில் எடுத்த போட்டோ என எதையும் அழிக்காதீர்கள்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பணம் பிடித்தார்களா என்று பாருங்கள். பிடித்திருந்தால் கோரிக்கை இ.எஸ்.ஐ.-க்குத்தான் போக வேண்டும். நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் பணம் வரும். இல்லையென்றால், விபத்து நடந்த 2 ஆண்டுகளுக்குள் தொழிலாளர் துறையில் மனுப் போடுங்கள். "கை ஆறட்டும், அப்புறம் பேசலாம்" என்று முதலாளி சொன்னாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.